தனி ஒருவர் ஒரு மாற்றத்தைத் தொடங்கி வைப்பது எப்படி?

பதவியோ பணமோ ஆள்பலமோ இல்லாத ஒருவர், தான் வாழும் இடத்திலோ வேலை பார்க்கும் துறையிலோ நிலைத்து நிற்கும்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவர முடியுமா, முடியும் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது கேள்வி.

முடியும். நல்ல யோசனை, அசைக்க முடியாத ஆதாரம், பேச்சுத்திறமை, விடாப்பிடி ஆகிய நான்கும் இருந்தால் மற்றவர்கள் தானாக வந்து சேர்வார்கள் என்று நம்பித்தான் பலரும் இறங்குகிறார்கள். இந்த நான்கும் இருந்தும் தோற்றவர்கள் ஏராளம். உங்களுக்கு அடுத்து அதே காரியத்தைச் செய்யவேண்டிய இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் அது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, செய்வதால் அவர்களுக்குத் தலைக்குனிவு ஏதும் வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கைகழுவுவது என்ற ஒரே விஷயத்தில் நடந்த இரண்டு முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்ற முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்கள், மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற இரண்டாம் பிரிவைவிட மிக அதிகம். மாணவர்கள் பிணக்கூறு ஆய்வை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அங்கே பணிபுரிந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுகொண்டார். 1847 மே மாதம், குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று விதி போட்டார். ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆதாரம் என்று பார்த்தால் இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் அவருடைய பணி அங்கே நீட்டிக்கப்படவில்லை. 1850இல் வியன்னாவை விட்டே போனார். கிருமிகளால்தான் நோய் வருகிறது என்ற நுண்ணுயிர்க் கோட்பாடு அப்போது வேரூன்றவில்லை என்பது ஒரு காரணம். தன் ஆய்வை முழு நூலாக 1861 வரை அவர் வெளியிடவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் மருத்துவர், இத்தனை நாளும் தன் கைதான் தாய்மார்களைக் கொன்றது என்றும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எதிர்த்தவர்களைப் பகிரங்கக் கடிதங்களில் கொலைகாரர்கள் என்றே செம்மல்வைஸ் எழுதினார். கௌரவத்தோடு மனம் மாற அவர்களுக்கு வழியே இல்லாமல் போனது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2001இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் ஐந்தே வரிகளில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டார். பெரிய இரத்தக்குழாயில் குழாய் செருகும்போது கிருமி நுழையாமல் தடுப்பதற்கானது அது. கைகழுவ வேண்டும், குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோலைத் துடைக்க வேண்டும், நோயாளியை முழுவதும் கிருமி நீக்கிய துணியால் மூடி, மருத்துவரும் முகக்கவசம், அங்கி, கையுறை அணிய வேண்டும், கூடியவரை தொடை வழியே செருகக் கூடாது, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிட வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் புதிதல்ல. எல்லா மருத்துவருக்கும் தெரிந்தவைதான். அவரும் சகாக்களும் செய்த புது வேலை வேறு. இதற்கு வேண்டிய பொருட்கள் எட்டு இடங்களில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் சேர்த்து வைத்தார்கள். ஒரு படி விடுபட்டால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை, நிர்வாகத்தின் ஒப்புதலோடு, செவிலியருக்குக் கொடுத்தார்கள். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதை எடுத்துக்கொண்டன. பதினெட்டு மாதங்களில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006இல் வெளியான முடிவுகள் காட்டின.

அந்தத் தள்ளுவண்டியைக் கவனியுங்கள். எட்டு இடங்களுக்கு ஓடவேண்டியிருக்கும்வரை, நல்ல மருத்துவரும் அவசரத்தில் ஒன்றிரண்டை விடத்தான் செய்வார். அவருக்கு அறிவுரை சொல்லியும் பயனில்லை, திட்டியும் பயனில்லை. நீங்கள் மாற்ற நினைக்கும் பழக்கம் எதுவானாலும் அதற்குள் இப்படி ஒரு எட்டு இடம் ஒளிந்திருக்கும். அதைத் தேடுவதுதான் முதல் மாத வேலை.

இனி நடைமுறைக்கு வருவோம். ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்கிறேன்: முறை (ஷிப்ட்) மாற்றி வேலை பார்க்கும் ஓர் இடத்தில், ஒரு முறையினர் போய் அடுத்த முறையினர் வரும்போது தகவல்கள் விடுபடுகின்றன. மருத்துவமனை, தொழிற்சாலை, காப்பகம், கட்டுப்பாட்டு அறை என்று எங்கும் நடப்பதுதான்.

பிரச்சினையை முதலில் சுருக்குங்கள். "இங்கே ஒருங்கிணைப்பே இல்லை" என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "முறை மாறிய முதல் ஒரு மணி நேரத்தில், போனவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கவேண்டியிருக்கிறது" என்று சொன்னால், அதை எண்ணலாம். இடம், நேரம், செய்பவர், செயல் நான்கும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் சுருங்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து எண்ணிக்கை. எதையும் மாற்றாமல் நான்கு வாரம் எண்ணுங்கள். ஒரு நோட்டு, நான்கு பத்திகள் போதும்: தேதி, எந்த முறை, எத்தனை அழைப்பு, எதைப் பற்றி. பெயர் மட்டும் வேண்டாம். பெயர் எழுதிய நோட்டு புகார்ப் புத்தகம் ஆகிவிடும்; அன்றைக்கே ஆட்கள் உங்களிடம் உண்மை சொல்வதை நிறுத்திவிடுவார்கள். இந்த நான்கு வாரத்தைத்தான் பெரும்பாலோர் பொறுமையின்றித் தாண்டிவிடுகிறார்கள். பிறகு ஆறு மாதம் கழித்து "முன்னைக்கு இப்போது பரவாயில்லை" என்று சொல்வார்கள், "எவ்வளவு?" என்று மேலதிகாரி கேட்டால் பதில் இருக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. எண்ணத் தொடங்கினால் நீங்கள் நினைத்த காரணம் தவறு என்று தெரியவரும். எல்லாத் தகவலும் விடுபடுவதில்லை, பாதியில் நிற்கும் வேலைகளைப் பற்றிய தகவல்தான் விடுபடுகிறது என்று புரியும். அப்போது தீர்வும் சின்னதாகும்.

தீர்வை நீங்களே யோசித்துக் கண்டுபிடிப்பதற்கு முன், அதே நிலையில் இருந்தும் நன்றாகச் செய்பவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதியர் வியட்நாமின் கிராமங்களில் குழந்தைகளின் சத்துக்குறைவைப் போக்கச் சென்றார்கள். அரசு கொடுத்த அவகாசம் ஆறு மாதம். வெளியிலிருந்து உணவு கொண்டுவந்து கொட்டாமல், மிக ஏழ்மையிலும் குழந்தை நன்றாக வளரும் வீடுகள் உண்டா என்று, குழந்தைகளை எடைபோட்டுத் தேடும்படி கிராமத்தாரிடமே சொன்னார்கள். அப்படிச் சில வீடுகள் இருந்தன. அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைக்கும் பொடி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரை ஆகியவற்றைக் குழந்தையின் சோற்றில் சேர்த்தார்கள். மற்றவர்கள் இரண்டு வேளை கொடுத்த அதே அளவு சோற்றை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அடுத்து ஸ்டெர்னின் தம்பதியர் செய்ததுதான் நுட்பம். இதைப் பாடமாக நடத்தவில்லை. தாய்மார்கள் சேர்ந்து சமைக்கும் கூட்டங்களை வைத்து, உள்ளே வர அனுமதிச் சீட்டாக ஒரு பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவரச் சொன்னார்கள். தினமும் தேடிப் பொறுக்கிப் பொறுக்கி, பயிற்சி முடிவதற்குள் அது பழக்கமாகிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் செய்து பழகுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்வளவு குறைந்த செலவில் கடந்த முயற்சி வேறு அதிகம் இல்லை.

முறை மாற்றும் உதாரணத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் போன பிறகு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை என்பதை உங்கள் நோட்டே காட்டும். அவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்டால் "ஒன்றும் விசேஷமில்லை" என்பார். பார்த்தால்தான் தெரியும், பாதியில் நிற்கும் மூன்று வேலைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார் என்று. அந்தச் சீட்டுதான் உங்கள் திட்டம். அது அவருடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். வெளியிலிருந்து வந்த யோசனைக்கு இருக்கும் எதிர்ப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

முதலில் யாரைச் சேர்ப்பது என்பதில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் புதுமைகள் பரவுவதைப் பற்றி 1962இல் எழுதிய நூலில் பெருவில் உள்ள லோஸ் மோலினோஸ் கிராமத்தின் கதை வருகிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். சுமார் 200 குடும்பங்களில் 11 குடும்பங்கள்தான் மாறின. காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது என்பது அந்த ஊர் நம்பிக்கை. அவர் பேச்சைக் கேட்டவர்களோ பெரும்பாலும் நோயாளிகளும் வெளியூரிலிருந்து வந்து ஊரோடு ஒட்டாதவர்களும். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் மாறுவதற்குப் பதில், இது அவர்களுக்கானது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். உங்களைத் தேடி முதலில் ஓடிவருபவர்கள் அன்பானவர்கள்தான், விடவேண்டாம். ஆனால் அவர்களை மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள். சந்தேகம் வந்தால் எல்லோரும் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். நாலைந்து பேரைத் தனித்தனியாகக் கேட்டால் ஒரே பெயர் இரண்டு மூன்று தடவை வரும். பெரும்பாலும் அவருக்குப் பதவி இருக்காது. அவரைத் தனியாகப் பாருங்கள். "ஆதரவு கொடுங்கள்" என்று கேட்காமல், "இதில் எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் குறைகளில் ஒன்றையாவது திருத்திக்கொண்டு மறுபடி போங்கள். அதன்பிறகு அது அவருடைய வேலையாகவும் ஆகிவிடும்.

சேர்ப்பவர்களை ஒரே இடத்தில் சேருங்கள். செய்தி பரவுவதற்குத் தூரத்து அறிமுகங்கள் போதும்; ஒருவர் சொன்னாலே செய்தி செய்திதான். பழக்கம் அப்படிப் பரவுவதில்லை. தன்னைச் சுற்றி இரண்டு மூன்று பேர் செய்வதைப் பார்த்தால்தான் ஒருவர் துணிவார். அமெரிக்கச் சமூகவியலாளர் டேமன் சென்டோலாவின் ஆய்வுகள் இதைச் சோதித்துக் காட்டியிருக்கின்றன. 2018இல் அவர் சகாக்களோடு வெளியிட்ட ஒரு சோதனையில், இருபது முப்பது பேர் கொண்ட குழுக்களில் நிலைபெற்ற ஒரு வழக்கத்தை, உறுதியாக நின்ற சிறுபான்மையினர் நான்கில் ஒரு பங்கைத் தொட்டபோது மாற்ற முடிந்தது. அது இணையத்தில் ஆடிய ஒரு பெயரிடும் விளையாட்டு. பணமும் அதிகாரமும் கலந்த இடத்தில் அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் திசை தெளிவு. பத்துப் பிரிவுகளில் ஒவ்வொருவர் என்று பத்துப் பேரைச் சேர்த்தால் பத்துப் பேரும் தனித்து நின்று சோர்வார்கள். இருபது பேர் கொண்ட ஒரே பிரிவில் ஆறு பேரைச் சேர்த்தால் அந்தப் பிரிவு மாறும். பிறகு அடுத்த பிரிவுக்குக் காட்ட ஓர் இடம் கிடைக்கும்.

சோதனையை மூன்று வாரம் என்று முன்கூட்டியே அறிவித்துத் தொடங்குங்கள். "சரிவரவில்லை என்றால் இந்தத் தேதியில் நிறுத்திவிடுவோம்" என்ற வாக்குறுதிக்குப் பெரிய பலம் உண்டு. திரும்பிவர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் தயங்குபவர் காலெடுத்து வைப்பார். அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோள விவசாயிகளைப் பற்றி ரயன், கிராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1943இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காண்கிறோம். கலப்பின விதையைப் பற்றி அவர்கள் முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளரிடமிருந்து. முடிவெடுக்க வைத்தது பக்கத்துக் காட்டுக்காரர். அப்போதும் எடுத்த எடுப்பில் முழு நிலத்திலும் விதைக்கவில்லை. சின்னத் துண்டில் போட்டுப் பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போனார்கள்.

பரவ ஆரம்பித்த பிறகு வரும் ஆபத்து, செய்ததாகக் கணக்குக் காட்டுவது. வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980களில் வயிற்றுப்போக்குக்கு உப்பு வெல்லக் கரைசல் தயாரிக்கும் முறையை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், குறித்த அளவு தண்ணீர். எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பார்த்துப் பணியாளருக்குச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளைக் குலுக்கலில் தேர்ந்து போவார். தாய்க்கு நினைவிருக்கும் குறிப்புகளையும் அவர் கலக்கும் கரைசலையும் பொறுத்துத்தான் பணம். அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்களுக்கு முறை தெரிந்திருந்தது, ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் பயன்படுத்தவில்லை. தேடிப் பார்த்தால், சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வந்தால் மாத்திரை வாங்கினார்கள். வீட்டு ஆண்களுக்கு யாரும் விளக்கவும் இல்லை. பணியாளர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்து, ஆண்களிடம் சந்தையிலும் பள்ளிவாசலிலும் பேசிய பிறகுதான் நிலைமை மாறியது. கென்யாவில் வாங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கமும், பெண்களுக்குச் சன்மானம் கொடுத்தது நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. எதை எண்ணுகிறீர்களோ அதுதான் நடக்கும். ஆகையால் கூட்டங்களையும் கையெழுத்துகளையும் எண்ணாதீர்கள். முதல் நான்கு வாரம் எண்ணிய அதே எண்ணை மட்டும் எண்ணிக்கொண்டிருங்கள்.

எதிர்ப்பைப் பற்றிச் சுருக்கமாக. எதிர்ப்பவர் எதை இழக்கிறார் என்று எழுதிப் பாருங்கள்: நேரம், வருமானம், மதிப்பு, அதிகாரம். நேரம் என்றால் வேறொரு வேலையைக் குறைத்துக்கொடுங்கள். சீட்டு எழுதுவதற்காகப் பழைய பதிவேட்டில் ஒரு பக்கத்தை எடுத்துவிடலாம். மதிப்பு என்றால் "இதுவரை செய்தது தவறு" என்ற தொனியை விட்டுவிட்டு, "வேலைப்பளு கூடிவிட்டது, பழைய முறை தாங்கவில்லை" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதுதான் உண்மையும்கூட. வருமானம் போகிறது என்றால், அதுவும் முறையற்ற வருமானம் என்றால், பேச்சு உதவாது. தனியாக மோதவும் கூடாது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில் பொதுப்பணிகளின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் வைத்து உரக்க வாசித்தார்கள். யார் வேலை செய்தார், யார் பெயர் சும்மா எழுதப்பட்டது என்று ஊரே சாட்சி சொன்னது. குற்றம் சாட்டியவர் என்று தனியாக ஒருவரைப் பிடிக்க முடியவில்லை. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்த போராட்டங்களில் இது முக்கியமானது.

கடைசியாக, எழுத்தில் ஏறாத மாற்றம் ஆளோடு போய்விடும். வயிற்றுப்புண்ணுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்ட ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். எல்லோரும் இந்தத் துணிச்சலைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் புண்ணோடு அந்தக் கிருமியும் இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு பரிந்துரைத்தது 1994இல். நடுவே பத்து ஆண்டு. துறை நம்பும் ஆவணத்தில் ஒரு வரி ஏறும்வரை சாதாரண மருத்துவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தயங்குவது இயல்பு. எனவே உங்கள் துறையில் ஆட்கள் எதைப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்று தேடுங்கள்: படிவம், பயிற்சிக் கையேடு, ஒப்பந்த வாசகம், ஆண்டு பட்ஜெட். அதில் ஒரு வரி சேர்ப்பதுதான் இலக்கு.

அதற்கு ஒரு பக்க விண்ணப்பம் போதும். முதல் வரியில் பிரச்சினை, அடுத்ததில் பழைய எண், அதன்கீழ் சோதனைக்குப் பின் வந்த எண். பிறகு கேட்பது என்ன என்று ஒரே வாக்கியம்: "பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 'பாதியில் உள்ளவை' என்று மூன்று வரி அச்சிட வேண்டும்." செலவு யாருடையது, மறுபரிசீலனை என்றைக்கு, சோதனையில் பங்கெடுத்தவர்கள் யார் யார் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். உங்கள் பெயர் நடுவில் எங்காவது இருக்கட்டும். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரின் மேசைக்கு அது போகும் முன், அவருக்குக் கீழே வேலையைச் செய்யப்போகும் எழுத்தரிடம் காட்டுங்கள். அனுமதி கிடைத்தும் அச்சாகாமல் கிடக்கும் படிவங்கள் அங்கேதான் தேங்குகின்றன.

அனுமதி கிடைத்ததும் இன்னொரு சோதனை வையுங்கள். இரண்டு வாரம் நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள், நினைவூட்டவும் வேண்டாம். திரும்பி வந்து எண்ணிக்கையைப் பாருங்கள். பழைய நிலைக்குப் போயிருந்தால், நீங்கள் தினமும் செய்துவந்த ஏதோ ஒரு சின்ன வேலை யார் கையிலும் ஒப்படைக்கப்படவில்லை என்று பொருள்: எழுதும் சீட்டுகள் தீர்ந்தால் வாங்கி வைப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, வாரக் கடைசியில் கூட்டிப் போடுவது. அவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒருவரையும், அவர் விடுப்பில் போனால் செய்ய இன்னொருவரையும் அவர்கள் சம்மதத்தோடு குறியுங்கள். அடுத்த மாதம் மறுபடி இரண்டு வாரம் விலகி இருங்கள்.